குட்டி யானையும் எஸ்யூவியும்
தருமபுரி மாவட்டம் பாலக்கோடு தக்காளி மண்டிக்குக் காய் கொண்டுவருபவற்றில் குட்டி யானைக்கும் பிக்கப்புக்கும் பெரும் பங்குண்டு. 2005-இல் குட்டி யானை எனப்படும் டாடா ஏஸ் வந்தபோது, முக்கால் டன் சுமக்கும் அந்தச் சின்ன வண்டி, பெரிய லாரிக்குச் சுமை சேரும்வரை காத்திருந்த சிறு விவசாயிக்குப் பறித்த அன்றே சந்தைக்குப் போகும் வழியைத் தந்தது. அப்படிப்பட்ட வண்டி பெருகினால் மகிழ்வேன். ஆனால் இன்று நாடெங்கும் பெருகுவது எஸ்யூவி. 2024-25இல் இந்தியாவில் விற்ற சுமார் 43 லட்சம் பயணிகள் வாகனங்களில் ஏறத்தாழ 28 லட்சம், எஸ்யூவியும் அதன் உறவுகளும் அடங்கிய ‘பயன்பாட்டு வாகனங்கள்’. சாதாரண கார் 2021-22இலேயே பின்தங்கிவிட்டது. அமெரிக்காவில் பிக்கப்பும் எஸ்யூவியும் சேர்ந்து புது விற்பனையில் முக்கால் பங்கைத் தாண்டிவிட்டன. பென்னாகரம், அரூர் பக்கத்துக் கரடுமுரடான கிராமச் சாலைகளுக்கு உயரமான வண்டி வேண்டும்தான். தருமபுரி டவுனுக்குள் ஒற்றை ஆளைச் சுமக்க ஒன்றரை டன் இரும்பு எதற்கு? வண்டியின் முன்பக்கம் உயர உயர, மோதினால் நடந்துபோகிறவருக்கு அடி காலில் படாமல் நெஞ்சிலும் தலையிலும் விழுகிறது. குழந்தைகளுக்கு இது இன்னும் கொடுமை. நீளத்தையும் இன்ஜின் அளவையும் பார்த்து வரி போடும் அரசு, எடையையும் முகப்பு உயரத்தையும் பார்க்க வேண்டும். அந்த வரிப் பணத்தில் வத்தல்மலை, சித்தேரி மலைக் கிராமங்களுக்குக் கூடுதலாக மினி பஸ் விடட்டும். கூலிக்குப் போகிறவர்கள் சரக்கு வண்டியில் நின்றுகொண்டு மலை இறங்கும் நிலை இனியும் தொடரக் கூடாது.