கிரீன் டீயும் புற்றுநோயும்: தட்டில் வென்றது உடலில் வெல்லவில்லை

தினமும் கிரீன் டீ குடித்தால் நோய் எதிர்ப்புச் சக்தி பெருகும், புற்றுநோய் அண்டாது என்று படித்தவர்களே நம்புகிறார்கள். இதற்கு ஆய்வகத்தில் ஒரு வேர் உண்டு. தேயிலையின் ஈஜிசிஜி என்ற சேர்மம் வளர்ப்புத் தட்டிலுள்ள புற்றுச் செல்களைக் கொல்கிறது. ஆனால் அங்கே ஊற்றும் செறிவு, சில கோப்பை குடித்தவரின் ரத்தத்தில் தென்படுவதைவிடப் பல மடங்கு அதிகம். குடல் உறிஞ்சுவது சொற்பம். அதிலும் பெரும்பகுதியை உடல் விரைவில் உருமாற்றிவிடுகிறது. எதிர்ப்புச் சக்தி பற்றிய பேச்சோ இன்னும் பலவீனமானது. 2011-இல் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஈஜிசிஜி கொடுக்கப்பட்ட எலிகளிடம் பெருகியவை ஒழுங்காற்றும் டி செல்கள். அவை எதிர்ப்பைத் தூண்டுவதில்லை, அடக்குகின்றன. உடல் தன்னையே தாக்கும் நோய்களில் அது நன்மை தரலாம். புற்றுக்கட்டிகளோ இத்தகைய செல்களின் மறைவிலேயே தப்பி வளர்கின்றன. கூட்டக் கூட்ட நல்லது என்று சொல்ல எதிர்ப்பாற்றல் ஒற்றைச் சரக்கல்ல.

ஜப்பானியர் கிரீன் டீ குடித்துத்தானே நலமாக இருக்கிறார்கள் என்பார்கள். அந்த ஜப்பானின் மியாகி மாகாணத்தில் 26,000-க்கும் மேற்பட்டோரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2001-இல் வெளியான ஆய்வில், அதிகம் குடித்தவர்களுக்கும் இரைப்பைப் புற்றுநோய் குறையவில்லை. 2006-இல் வந்த இத்தாலிய ஆய்வு நம்பிக்கை தந்தது உண்மை: புராஸ்டேட்டில் புற்றுக்கு முந்தைய மாற்றம் கண்ட 60 ஆண்களில், தேயிலைச் சாறு மாத்திரை எடுத்த 30 பேரில் ஒருவருக்கும், எடுக்காத 30 பேரில் ஒன்பது பேருக்கும் புற்றுநோய் வந்தது. ஆனால் 2015-இல் அமெரிக்காவில் 97 பேரிடம் சோதித்தபோது அந்த வித்தியாசம் உறுதிப்படவில்லை. முதல் ஆய்வு பரவிய வேகத்தில் இரண்டாவது பரவாததே பெரிய அநியாயம். 142 ஆய்வுகளை, 11 லட்சம் பேரின் விவரங்களை அலசிய 2020-ஆம் ஆண்டு காக்ரேன் மதிப்பாய்வும், புற்றுநோயைத் தடுக்கும் என்பதற்கான சான்றுகள் ஒன்றுக்கொன்று முரண்படுவதாகவே முடித்தது.

பலன் இல்லாவிட்டாலும் கெடுதல் இல்லையே என்ற வாதம் கோப்பைக்குப் பொருந்தும், மாத்திரைக்குப் பொருந்தாது. நாளொன்றுக்கு 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் ஈஜிசிஜி மாத்திரையாகச் சேர்ந்தால் கல்லீரல் பாதிப்பின் அறிகுறிகள் ரத்தத்தில் தெரிவதாக ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் எச்சரித்தது. மல்டிபிள் மைலோமா என்ற ரத்தப் புற்றுநோய்க்குத் தரப்படும் போர்டெசோமிப் மருந்தோடு ஈஜிசிஜி பிணைந்து அதைச் செயலிழக்க வைப்பதும் 2009-இல் செல்களிலும் எலிகளிலும் காட்டப்பட்டது. தட்டில் கிடைத்த நற்செய்தியை நம்புகிறவர்கள் இந்தச் செய்தியை மட்டும் எப்படித் தள்ள முடியும்? ருசிக்காகக் குடிப்பவர்கள் தாராளமாகக் குடிக்கட்டும். சிகிச்சையில் இருப்பவர்கள், கிரீன் டீயோ அதன் மாத்திரையோ எடுப்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.