லோடு வண்டிக்கு மூடி போட்டால் டீசல் மிச்சமாகுமா?

நிலக்கோட்டைப் பூச்சந்தைக்கு விடியற்காலையில் வந்து சேரும் வண்டிகளைக் காண்போர்க்கு ஒரு விஷயம் எளிதில் விளங்கும். தலைச்சுமையும் மாட்டு வண்டியும் ஒரு காலத்தில் செய்த வேலையை, இப்போது சிறு மோட்டார் லோடு வண்டிகளே செய்துவருகின்றன. 2005-ஆம் ஆண்டில் டாட்டா கம்பெனியார் ஏஸ் என்னும் இரண்டு சிலிண்டர் டீசல் வண்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தனர். ஜனங்கள் அதற்குக் 'குட்டி யானை' என்று பெயரிட்டு அழைக்கலாயினர். அதன்பின் சிறு குடியானவர்களும் நாலைந்து பேராகச் சேர்ந்து வண்டி அமர்த்திப் பூவையும் காய்கறியையும் சந்தைக்கு அனுப்புவது வழக்கமாயிற்று.

இவ்வண்டிகளின் திறந்த பாடிக்கு மூடி போடுவதைப் பற்றி இருவிதமான அபிப்பிராயங்கள் வழங்குகின்றன. மூடி போட்டால் காற்று தடையின்றி மேலே வழுக்கிச் செல்லும், டீசல் வெகுவாக மிச்சமாகும் என்பர் ஒரு சாரார். மூடி வீண் செலவு, பின்கதவைத் தாழ்த்தி விட்டாலே காற்று வெளியேறிவிடும் என்பர் மற்றொரு சாரார். இரண்டிலும் உண்மை சிறிதும் மிகை பெரிதுமாகக் கலந்திருக்கின்றன.

ஓடும் வண்டியைக் காற்று எதிர்க்கும் விசை, வேகத்தின் வர்க்கத்தை ஒட்டி வளர்கிறது. அதாவது மணிக்கு 40 கிலோமீட்டரில் உள்ள தடை, 80 கிலோமீட்டரில் நான்கு மடங்காகும். ஆகவே மெதுவாகச் செல்லும் வண்டியில் டயர் உருளுவதாலும், அடிக்கடி நின்று புறப்படுவதாலும் ஏற்படும் நஷ்டமே முக்கியம். காற்றின் தடை பெரிதாவது நெடுஞ்சாலை வேகத்திலேதான்.

காலியான பாடியுடன் வண்டி விரைந்து செல்லும்போது, பின்கதவு மூடியிருந்தால் பாடிக்குள் ஒரு காற்றுச் சுழல் உண்டாகித் தங்கிவிடுகிறது. மேலே வரும் காற்று பெரும்பாலும் அச்சுழலின் மேல் வழுக்கிப் பின்கதவைத் தாண்டிச் செல்லும். பின்கதவைத் தாழ்த்தினால் இச்சுழல் கலைந்து, தடை குறைவதற்குப் பதிலாகக் கூடுதலும் உண்டு. ஆதலால் கதவைத் தாழ்த்துவதில் அநுகூலமில்லை. சாமான் சாலையில் விழும் அபாயமே மிஞ்சும். இறுக்கமான தட்டை மூடி தடையைச் சற்றுக் குறைப்பது மெய்யே. ஆயினும் அது நூற்றுக்குச் சில பங்கு மாத்திரமே. எண்ணெயில் மிச்சமாவது அதனினும் குறைவு. தளர்வாகக் கட்டிய தார்ப்பாயோ காற்றில் படபடத்து, உள்ள தடையையும் அதிகமாக்கும்.

இதைக் கணக்காகப் பார்ப்பது நலம். நாளொன்றுக்குப் போக வர 80 கிலோமீட்டர் ஓடி, லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுக்கும் வண்டிக்கு ஏறக்குறைய 5⅓ லிட்டர் டீசல் செல்லும். மூடியால் நூற்றுக்கு 2 பங்கு மிச்சமென்று தாராளமாகவே கொண்டாலும், லிட்டர் 90 ரூபாய் வீதம் நாளொன்றுக்கு 10 ரூபாயும் தேறாது. அதிலும் சுமையேற்றிச் செல்கையில் மூட்டைகள் பாடிக்கு மேல் உயர்ந்திருப்பதால் தட்டை மூடிக்கு வேலையே இல்லை. காலியாகத் திரும்பும் பயணத்தில் மட்டும் கிடைப்பது 5 ரூபாய்தான். நிலக்கோட்டையிலிருந்து கொடைரோடு வரை ஊர்களினூடே மெல்லச் சென்று, அதன் பின்னரே நான்கு வழிச் சாலையில் மதுரை நோக்கிப் போகும் வண்டிக்கு இதுவும் குறையும்.

அப்படியாயின் மூடி வேண்டாமா? வேண்டும், ஆனால் டீசலுக்காக அன்று, பூவுக்காக. 2013-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லி, மொட்டாகப் பறிக்கப்பட்டு எடையில் விற்கப்படுவது. வெயிலும் எதிர்க்காற்றும் மொட்டின் ஈரத்தை உறிஞ்சினால் எடையும் குறையும், முகமும் வாடும். 200 கிலோ ஏற்றியதில் 2 பங்கு வற்றினாலும் 4 கிலோ போயிற்று. கிலோ 300 ரூபாய் என்றாலும் நஷ்டம் 1,200 ரூபாய். ஐந்து ரூபாய் டீசலைத் தேடி இதை மறப்பது புத்திசாலித்தனம் ஆகாது.

இதற்கு விலையுயர்ந்த மூடி அவசியமில்லை. மாட்டு வண்டிக்குக் கூண்டு கட்டிய நம் பெரியோர் வழியே போதும். மூங்கில் வளைவின்மேல் வெளிர் நிறத் துணியையோ தார்ப்பாயையோ இறுக்கிக் கட்டி, பூவுக்கும் துணிக்கும் நடுவே இடைவெளி விட்டு, புழுக்கம் வெளியேறப் பின்புறம் திறப்பு வைக்கவேண்டும். காற்றுப் புகாமல் மூடினால் பூ வெந்துபோகும். இரும்புக் கூண்டை நிரந்தரமாகப் பொருத்த விரும்புவோர், 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவை நினைவிற்கொண்டு, முன்னதாக வட்டாரப் போக்குவரத்து ஆபீசில் விசாரித்துக்கொள்வது நலம்.

டீசலை மிச்சப்படுத்த வேறு வழிகள் உண்டு. அவற்றிற்குப் பணச்செலவு இல்லை. டயரில் காற்று ஒரு பவுண்டு குறைந்தால் எண்ணெய்ச் சிக்கனம் நூற்றுக்கு 0.2 பங்கு குறையுமென்று அமெரிக்க எரிசக்தி இலாகாவார் கணித்துள்ளனர். பத்துப் பவுண்டு குறைந்த டயர், மூடி தரும் மிச்சம் முழுவதையும் விழுங்கிவிடும். பூ மூட்டை கனமற்றது, ஆனால் இடம் அடைப்பது. அதனை முன்கூண்டுக்கு மேல் உயர அடுக்காமல் பரப்பி அடுக்கினால் காற்று முட்டுவது குறையும். சந்தை வாயிலில் காத்திருக்கையில் எஞ்சினை நிறுத்துவதும், நெடுஞ்சாலையில் 80-ஐத் தொடாமல் 55 அளவில் செல்வதும் மூடியைக் காட்டிலும் பன்மடங்கு பயன் தருவன.

ஆகவே குடியானவர்கள் மூடி வாங்குமுன், எதற்காக வாங்குகிறோம் என்று தெளிதல் வேண்டும். சரக்கைக் காக்க வாங்கினால் முதல் திரும்பும். டீசலை நம்பி வாங்கினால் திரும்ப வெகுகாலம் செல்லும்.