உங்க பணம் உங்க கைக்கு வர எத்தனை நாள்?

மக்களே, ஒரு சின்னக் கேள்வி. உங்க சேமிப்புக் கணக்குல இருக்கிற பணம் யாருடையது?

"இதென்ன கேள்வி, எங்களோடதுதான்"னு சொல்வீங்க. சரி, அடுத்த கேள்வி. அவசரத்துக்கு அது உங்க கைக்கு வர எவ்வளவு நேரம் ஆகும்?

ரெண்டு நிமிஷம்னு நம்பிக்கிட்டு இருந்த குடும்பம்தான் எங்களோடதும். ஒரு நாள் ராத்திரி அப்பாவை ஆஸ்பத்திரியில சேர்த்தோம். அட்வான்ஸ் கட்டச் சொன்னாங்க. அந்த நேரம் பார்த்து யுபிஐ வேலை செய்யல. அம்மாவும் நானும் ஏடிஎம்முக்கு ஓடினோம். அம்மா பத்தாயிரம்னு அடிச்சாங்க. மெஷின் கடகடன்னு சத்தம் போட்டுச்சு, பணம் வரல. போன்ல மட்டும் மெசேஜ் வந்துச்சு, கணக்குல 10,000 ரூபாய் கழிஞ்சுடுச்சுன்னு. அன்னைக்குப் பக்கத்து வீட்டு அண்ணன் கைமாத்தாக் கொடுத்த பணத்துலதான் அட்வான்ஸ் கட்டினோம்.

மறுநாள் கிளைக்குப் போனோம். "தானா வரும்மா, வெயிட் பண்ணுங்க"ன்னு சொன்னாங்க. வந்துச்சு, 19 நாள் கழிச்சு.

இதுல கொடுமை என்னன்னா, எத்தனை நாளுக்குள்ள வரணும்னு ஒரு விதி இருக்கு. அது எங்களுக்குத் தெரியல, யாரும் சொல்லவும் இல்ல.

விதி இதுதான். ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர் 20-ல் ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. ஏடிஎம்மில் பணம் வராமல் கணக்கில் மட்டும் கழிந்துவிட்டால், அன்றிலிருந்து 5 நாட்களுக்குள் வங்கி அதைத் திரும்ப வரவு வைக்க வேண்டும். தாண்டினால், ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு. யுபிஐ-யில் இன்னொருவருக்கு அனுப்பிய பணம் அவருக்குப் போய்ச் சேரவில்லை என்றால் மறுநாளுக்குள் திரும்ப வேண்டும். கடைக்குச் செலுத்தியது தொங்கி நின்றால் 5 நாள். இந்த இழப்பீட்டை வாடிக்கையாளர் புகார் கொடுக்கும்வரை காத்திருக்காமல் வங்கி தானாகவே தர வேண்டும் என்பதும் அதே சுற்றறிக்கையில் இருக்கிறது.

எங்க கணக்குக்கு 14 நாள் தாமதம், 1,400 ரூபாய். தானா வந்துச்சா? வரல. சுற்றறிக்கையைப் பிரிண்ட் எடுத்து, எழுத்துப்பூர்வமாப் புகார் கொடுத்த பிறகுதான் வந்துச்சு. பிரிண்ட் எடுக்கத் தெரியாத எத்தனை அம்மாக்களுக்கு இது வராமலே போயிருக்கும்?

"நூறு ரூபாய்க்கு இவ்வளவு பேச்சா"ன்னு சிலர் கேட்கலாம். அவங்களுக்காக ஒரு கணக்கு.

எஸ்பிஐ சேமிப்புக் கணக்குக்கு 2025 ஜூன் முதல் வட்டி 2.5 சதவீதம். ஒரு லட்சம் வைத்திருந்தால் வருஷத்துக்கு 2,500 ரூபாய். அதையே 6 சதவீத வட்டிக்கு நிரந்தர வைப்பில் போட்டிருந்தால் 6,000 ரூபாய் வந்திருக்கும். மிச்சம் 3,500 ரூபாயை நாம ஏன் விட்டுக்கொடுக்கிறோம்? ஒரே காரணம்தான். கேட்ட உடனே பணம் கைக்கு வரணும். அந்த வேகத்துக்கு நாம ஏற்கெனவே விலை கொடுத்துட்டோம். வேகம் இல்லேன்னா, வாங்கின காசுக்குப் பொருள் தரலைன்னுதான் அர்த்தம்.

அது மட்டுமா? நம்ம பணத்தை நாமே எடுக்கவும் கட்டணம். சொந்த வங்கி ஏடிஎம்மில் மாதம் 5 முறை இலவசம். மற்ற வங்கி ஏடிஎம்மில் சென்னை போன்ற பெருநகரங்களில் 3 முறை, மற்ற ஊர்களில் 5 முறை. அதைத் தாண்டினால் 2025 மே 1 முதல் ஒவ்வொரு முறைக்கும் 23 ரூபாய் வரை பிடிக்கலாம், வரி தனி. ஊர்ல இருக்கிற ஒரே ஏடிஎம் காலியாக் கிடந்தா? ஒரு மாதத்தில் 10 மணி நேரத்துக்கு மேல் பணமில்லாமல் இருந்தால் அந்த ஏடிஎம்முக்கு 10,000 ரூபாய் அபராதம்னு 2021-ல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்தது. நல்ல விதிதான். ஆனா அந்த அபராதம் போறது ரிசர்வ் வங்கிக்கு. பஸ் பிடிச்சுப் பக்கத்து ஊருக்குப் போய்ப் பணம் எடுத்தவங்களுக்கு இல்ல.

இதெல்லாம் நாள்கணக்கு. மாசக்கணக்கு, வருஷக்கணக்கும் இருக்கு.

2016 நவம்பர் 8 ஞாபகம் இருக்கா? தொடக்கத்தில் ஏடிஎம்மில் ஒரு நாளைக்கு 2,000 ரூபாய். வங்கியில் நேரில் போனாலும் வாரத்துக்கு 20,000, பிறகு 24,000. சேமிப்புக் கணக்குகளுக்கான கட்டுப்பாடு முழுதாக நீங்கியது 2017 மார்ச் 13-ல். நாலு மாசத்துக்கு மேல, நம்ம பணத்தை எடுக்க நாமே வரிசையில நின்னோம்.

2019 செப்டம்பரில் மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட பிஎம்சி கூட்டுறவு வங்கி. ஒரே நாளில் உத்தரவு: ஒருவர் எடுக்கக்கூடியது வெறும் 1,000 ரூபாய். எதிர்ப்புக் கிளம்பிய பிறகு படிப்படியாக உயர்த்தினார்கள்.

2020 நவம்பர் 17-ல் நம்ம கரூரில் 1926-ல் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கி. எடுக்கக்கூடிய உச்ச அளவு 25,000 ரூபாய்.

ஏன் இப்படிக் கட்டுப்பாடு? நியாயமான காரணமும் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. நாம போடுற பணத்தை வங்கி பெட்டியில பூட்டி வைக்கிறதில்ல, கடனாக் கொடுக்குது. எல்லாரும் ஒரே நாள் வந்து கேட்டா எந்த வங்கியும் தாங்காது. முதல்ல ஓடி வந்தவருக்கு முழுப் பணம், கடைசியா வந்தவருக்கு ஒண்ணுமில்லைன்னு ஆகக் கூடாதுன்னுதான் கதவை மூடுறாங்க.

ஆனா மூடின கதவு திரும்ப எப்போ திறக்கும்? கேள்வியே அங்கதான்.

லட்சுமி விலாஸ் வங்கியை டிபிஎஸ் வங்கியோடு இணைத்து, 10 நாளில் கட்டுப்பாட்டை நீக்கினார்கள். அதே 2020 மார்ச்சில் யெஸ் வங்கிக்கு 13 நாள். பிஎம்சி வங்கி இன்னொரு வங்கியோடு இணைந்தது 2022 ஜனவரியில், 2 வருஷம் 4 மாசம் கழித்து. அதற்குப் பிறகும் 5 லட்சத்துக்கு மேல் போட்டிருந்தவர்களுக்கு மீதிப் பணம் 10 வருஷம் வரை தவணையில்.

மனசு வெச்சா 10 நாள். இல்லேன்னா 10 வருஷம். ரெண்டும் ஒரே நாட்டுல, ஒரே ரிசர்வ் வங்கியின் கண்காணிப்புலதான் நடந்துச்சு.

பிஎம்சி மக்கள் தெருவில் நின்று போராடியது வீண் போகல. 1993 முதல் ஒரு லட்சத்திலேயே கிடந்த வைப்புத்தொகைக் காப்பீடு, 2020 பிப்ரவரி 4 முதல் 5 லட்சமானது. 2021-ல் சட்டம் திருத்தப்பட்டு, வங்கி இப்படி முடக்கப்பட்டால் 90 நாளுக்குள் காப்பீட்டுத் தொகை தரப்பட வேண்டும் என்றானது. அது பெரிய முன்னேற்றம். ஆனா மாத்திரை வாங்க, ஸ்கூல் ஃபீஸ் கட்ட, வாடகை கொடுக்க 90 நாள் யாரால காத்திருக்க முடியும்?

அதனால நாம கேட்கிறது மூணே மூணு:

1. ஏடிஎம், யுபிஐ பரிவர்த்தனை தோற்றால், அந்த நிமிஷமே தமிழில் மெசேஜ் வரணும்: "உங்கள் பணம் இந்தத் தேதிக்குள் வரும். தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய்." பணம் கழிஞ்சதை நொடியில சொல்லத் தெரிஞ்ச சிஸ்டத்துக்கு இந்த ஒரு வரியைச் சேர்க்கத் தெரியாதா?

2. வங்கி முடக்கப்பட்டால், சிறு சேமிப்பாளருக்கு முதல் 50,000 ரூபாய் 7 நாளுக்குள் கைக்கு வரணும். மீதிக்கு 90 நாள் இருக்கட்டும்.

3. ஒரே ஏடிஎம் உள்ள ஊர்களில் அது காலியாக் கிடந்தால், அந்த மாதம் அந்த ஊர்க்காரர்களுக்கு மற்ற வங்கி ஏடிஎம் கட்டணம் கிடையாதுன்னு அறிவிக்கணும்.

இது நடக்கிற வரைக்கும் நாம செய்ய வேண்டியது:

▪ ஏடிஎம்மில் பணம் வரலைன்னா சீட்டையும் மெசேஜையும் பத்திரப்படுத்துங்க. அன்னைக்கே புகார் எண் வாங்குங்க. "தானா வரும்"ங்கிற வாய்வார்த்தையோட திரும்பாதீங்க.

▪ 6-வது நாளிலிருந்து இழப்பீட்டைக் கணக்குப் போட்டு எழுத்துல கேளுங்க. 30 நாளில் பதில் இல்லேன்னா ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போங்க. விவரம் கேட்க 14448-க்குக் கூப்பிடலாம்.

▪ காப்பீடு ஒருவருக்கு ஒரு வங்கியில் 5 லட்சம், வட்டியும் சேர்த்து. அதே வங்கியில ரெண்டு கிளையில பிரிச்சுப் போட்டாலும் மொத்தம் 5 லட்சம்தான். வாழ்நாள் சேமிப்பை ஒரே கூடையில வைக்காதீங்க.

▪ வீட்டுல ஒரு ராத்திரி ஆஸ்பத்திரிச் செலவுக்காவது ரொக்கம் இருக்கட்டும். நாங்க பட்டுத் தெரிஞ்சுக்கிட்டது இது.

அப்பா இப்போ நல்லா இருக்கார். பக்கத்து வீட்டு அண்ணனுக்குக் கடனும் அடைச்சாச்சு. ஆனா அண்ணன் இல்லாத வீடுகளும் இருக்கே?

நாம யார்கிட்டயும் சலுகை கேட்கல. நம்ம பணத்தைத்தான் கேட்கிறோம்.

உங்களுக்கு இப்படி நடந்திருந்தா, எத்தனை நாள் கழிச்சுப் பணம் வந்துச்சு, இழப்பீடு வந்துச்சான்னு கமெண்ட்ல எழுதுங்க. கணக்கு எண், கார்டு எண் எதையும் போடாதீங்க. உங்க அம்மா இருக்கிற வாட்ஸ்அப் குரூப்புக்கு இதை மறக்காம அனுப்புங்க.

#எங்கள்பணம்எங்கள்உரிமை
#கேட்டவுடன்கொடு