மண்சரிவு வரைபடம் லயன் வாசலுக்கு வரட்டும்

2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, பதுளை மாவட்டம் கொஸ்லாந்தை மீரியபெத்தை தோட்டத்தில் மலை சரிந்து லயன்களை விழுங்கியது. அவ்விடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை கோப்பில் இருந்தது. மக்கள் லயனில் இருந்தார்கள்.

இத்தனைக்கும் மண்சரிவு அபாய வரைபடப் பணி 1990களில் முதன்முதலாகத் தொடங்கப்பட்ட இரு மாவட்டங்களில் பதுளையும் ஒன்று (மற்றையது நுவரெலியா). ஆகவே இங்கே குறைந்தது அறிவியல் அன்று. அது சாமானியரின் கண்ணுக்குப் புலப்படாததே குறை.

அந்தக் குறையை நீக்கும் கருவிகள் இன்று இலவசமாகவே கிடைக்கின்றன. 2000ஆம் ஆண்டு பெப்ரவரியில் எண்டெவர் விண்கலம் அளந்த நில உயரத் தரவை 30 மீற்றர் கட்டங்களாக எவரும் பெறலாம். பதுளை மாவட்டத்தின் பரப்பு சுமார் 2,800 சதுர கிலோமீற்றர் என்றால், முப்பது இலட்சத்துக்கும் அதிகமான கட்டங்கள்! முன்பெல்லாம் இவ்வளவையும் இணைய உலாவியில் வரைய முற்பட்டால் கணினி திணறி நின்றுவிடும். 2011இல் வெளிவந்த வெப்ஜிஎல் என்னும் நியமம், உலாவியிலிருந்தே வரைகலைச் சில்லை இயக்க வழிசெய்தது. கணினி விளையாட்டுகளுக்காக வளர்ந்த அச்சில்லு ஆயிரக்கணக்கான புள்ளிகளை ஒரே நேரத்தில் கணிக்க வல்லது. ஊபர் நிறுவனம் 2016இல் திறந்த மூலமாக வெளியிட்ட டெக்.ஜிஎல், அதன்மீது எழுந்த லோன்போர்ட் போன்றவை இவ்வாற்றலை ஜுப்பிட்டர் நோட்புக்கிற்குள் கொண்டுவந்துள்ளன. விளக்கம், கணக்கு, படம் மூன்றும் ஒரே ஏட்டில் இருப்பதால், ஒரு சரிவு எந்தக் கணக்கின்படி சிவப்பாயிற்று என்பதைப் பதுளைப் பாடசாலை மாணவர் ஒருவரும் மீண்டும் இயக்கிச் சரிபார்க்க முடியும்.

ஆனால், நண்பர்களே, அழகிய படம் அனைத்தும் உண்மையாகிவிடாது. 30 மீற்றர் கட்டமொன்றுக்குள் பல லயன் அறைகள் அடங்கிவிடும். சுவரில் விழுந்த புதிய வெடிப்பையும், திடீரெனக் கலங்கிப் பாயும் ஊற்றையும், சாய்ந்துவரும் மரத்தையும் விண்கலம் காணாது. அங்கே வாழ்பவரே காண்பார். எனவே உலாவியில் பச்சை நிறம் தெரிகிறது என்பதற்காக எந்தக் குடும்பத்துக்கும் "பயமில்லை, இருங்கள்" என்று கூறும் உரிமை எவருக்கும் இல்லை. அது களத்துக்குச் சென்று ஆராயும் புவியியலாளரின் பொறுப்பு.

என் கோரிக்கைகள் மூன்று. முதலாவது, அபாய வலயங்களும் மழைமானி அளவீடுகளும் வெறும் படங்களாக அன்றி, கணினி வாசிக்கக்கூடிய தரவுகளாகப் பொதுவில் வைக்கப்பட வேண்டும். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பு, 150ஐத் தாண்டினால் வெளியேற்றம் என்ற வரம்புகள் உண்டு. தன் தோட்டத்தில் எவ்வளவு பெய்தது என்று அறியாதவருக்கு அந்த இலக்கங்களால் பயன் என்ன? இரண்டாவது, தோட்டம், டிவிஷன், லயன் ஆகியவற்றின் பெயர்கள் மக்கள் வழங்கும் தமிழில் வரைபடத்தில் இடம்பெற வேண்டும். தன் ஊர்ப் பெயரைக் காணாதவர் அதைத் தன் வரைபடமாகக் கொள்ளமாட்டார்.

மூன்றாவதே தலையாயது: நிலம். ஆபத்து எங்கே என்று காட்டிவிட்டு, போவதற்கு இடம் காட்டாமல் விடுவது எச்சரிக்கையன்று, கைகழுவல். மீரியபெத்தைக்குப் பிறகு 2023 மார்ச்சில் பூனாகலை கபரகலையில் மண் சரிந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகத்தையே உலுக்கியது. ஒவ்வொரு முறையும் பாடசாலை மண்டபங்களில் தங்கிய மக்களுள் எத்தனையோ பேருக்கு, திரும்பிப் போக அதே லயனைத் தவிர வேறு போக்கிடம் இல்லை. காணிக்கு உரிமையில்லாத தொழிலாளி, வரைபடத்தைப் பார்த்து எங்கே வீடு கட்டுவார்?

சிவப்பு வலயத்தை வரையும்போதே, அம்மக்களுக்கு உறுதிப்பத்திரத்துடன் வழங்கப்போகும் காணியையும் அதே வரைபடத்தில் குறித்துக் காட்டட்டும். அதைக் குறிக்க மேலதிகக் கணினி ஆற்றல் எதுவும் தேவையில்லை. அரசியல் விருப்பம் இருந்தால் போதும்.