வீட்டு வேலையும் வீட்டிலிருந்து வேலையும்

சென்ற மாதக் கூட்டத்தில் நம் சங்கத்து அன்பர் ஒருவர், "எங்க பையன் வீட்டிலேயே உட்கார்ந்து சம்பாதிக்கிறான், கொடுத்து வைத்தவன்" என்றார். பக்கத்திலிருந்த அவர் மனைவி, "வீட்டிலேதான் இருக்கிறான். முகம் பார்த்துப் பேசி பத்து நாள் ஆச்சு" என்றார். எல்லோரும் சிரித்தோம். எனக்கு மட்டும் என் மருமகள் நினைவு வந்து, சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

அவள் சாப்ட்வேர் என்ஜினீயர். ஆலுவாவிலிருந்து பஸ் பிடித்து காக்கநாடு இன்போபார்க்குக்குப் போய் வந்தவள், 2020 மார்ச் ஊரடங்கின்போது கம்ப்யூட்டரோடு வீட்டுக்கு வந்தாள். இன்றும் வாரத்தில் பெரும்பாலான நாட்கள் வீட்டிலிருந்துதான் வேலை. அவளோடு வேலை செய்பவர்கள் கலிபோர்னியாவில் இருக்கிறார்கள். நமக்கு இரவு ஒன்பதானால் கோடையில் அவர்களுக்குக் காலை எட்டரை.

ஆரம்பத்தில் அவள் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஒரு சந்தேகத்தை இரண்டு வரியில் எழுதி அனுப்புவாள். மறுநாள் காலையில் பார்த்தால், "எந்தப் பகுதியைச் சொல்கிறாய்?" என்று ஒரு வரி பதில் வந்திருக்கும். ஒரு நாள் வீண். அப்போதுதான் என் கணவர் அவளிடம் இன்லேண்ட் லெட்டர் கதையைச் சொன்னார். ஏலூரில் வேலை கிடைத்து நாங்கள் இங்கே வந்த புதிதில், திருநெல்வேலிக்குக் கடிதம் போட்டால் பதில் வர ஒரு வாரம் ஆகும். அதனால் மாமனார் என்னென்ன திருப்பிக் கேட்பார் என்று யோசித்து, அதற்கும் சேர்த்து எழுதிவிடுவோம். வருகிற ரயில், இறங்குகிற நேரம், ஸ்டேஷனுக்கு யார் வர வேண்டும், வண்டி தப்பினால் என்ன செய்வது, எல்லாம் அந்த நீலத் தாளின் ஓரம்வரை இருக்கும்.

அவளும் அப்படியே எழுதத் தொடங்கினாள். என்ன செய்தேன், எங்கே நிற்கிறது, எதை முயன்று பார்த்தேன், நீங்கள் முடிவு சொல்ல வேண்டியது எது என்று. இது ஒன்றும் புதிய வித்தையில்லையாம். 1991ல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ், ஒருவரையொருவர் நேரில் பாராத பல நாட்டவர் மின்னஞ்சலில் எழுதி எழுதியே வளர்த்தது என்று அவள்தான் எனக்குச் சொன்னாள். அங்கே ஒரு மாற்றம் செய்தால், அது ஏன் என்றும் கூடவே எழுதி வைக்க வேண்டுமாம்.

இன்னொரு பழக்கமும் அவளிடம் உண்டு. செய்த வேலையை அன்றன்றே பொதுக் களஞ்சியத்தில் சேர்த்துவிடுவாள். 2018 ஆகஸ்டில் பெரியாறு ஊருக்குள் வந்ததைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வெள்ளம்கூட வேண்டாம், ஒரு மழைக்கே இங்கே கரண்ட் போகிறது.

ஆனால் வேலையை முடித்து எழுந்திருக்கும் பழக்கம்தான் இவர்களுக்கு வருவதில்லை. முன்பு பஸ் பயணம் வேலைக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு சுவர்போல இருந்தது. அந்தச் சுவர் இடிந்துவிட்டது. வேலை நேரம் முடிந்த பின் அழைக்கக் கூடாது என்று போர்ச்சுகல் 2021ல் சட்டமே கொண்டுவந்தது. நம் பிள்ளைகள் அதற்குக் காத்திருக்க முடியாது. இரவுக் கூட்டம் இருந்தால், அந்த நேரத்தைப் பகலில் கழித்துக்கொள்ளத் துணிய வேண்டும். கேட்டால் வேலை போய்விடுமோ என்று பயந்தவள், கேட்டபோது மேலாளர் உடனே சம்மதித்துவிட்டார். இப்போது மாலையில் ஆற்றங்கரைவரை நடந்துவிட்டு வருகிறாள். அதுதான் அவளுக்கு பஸ்.

குற்றத்தில் பாதி நம்முடையது. "வீட்டில்தானே இருக்கே, காஸ்காரர் வந்திருக்கார் பாரம்மா" என்று நானே எத்தனை முறை கூப்பிட்டிருக்கிறேன்! மகன் வேலை செய்தால் கதவைச் சாத்திவிட்டு, "சத்தம் போடாதீங்க" என்கிறோம். மருமகள் செய்தால் அதே கதவைத் தட்டி, குக்கர் எத்தனை விசில் என்று கேட்கிறோம். அவள் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. ஒருநாள் கூட்டத்தின் நடுவே நான் கூப்பிட்டு அவள் எழுந்து வந்தபோது, கண் கலங்கியிருந்தது. அன்றிலிருந்து காஸ்காரருக்கு நான்தான் கதவு திறக்கிறேன்.

நவம்பர் முதல் ஞாயிறு அமெரிக்காவில் கடிகாரத்தை மாற்றுகிறார்கள். அவள் கூட்டம் ஒரு மணி நேரம் தள்ளிப்போகும். சமையலறை காலண்டரில் நானே குறித்து வைத்திருக்கிறேன்.