வண்டிக்கு நாமா? நமக்கு வண்டியா?

ஒரு ரவிக்கை தைக்கக் கொடுத்தால் தையற்காரரிடம் எத்தனை அளவுகள் கொடுக்கிறோம்! தோள், கை நீளம், கழுத்தின் இறக்கம் என்று ஒவ்வொன்றையும் சொல்லி, அரை அங்குலம் தவறினாலும் திருப்பிக் கொடுத்துத் திருத்தி வாங்குகிறோம். செருப்பு வாங்கினாலும் நான்கு அடி நடந்து பார்க்காமல் கடையை விட்டு இறங்குவதில்லை. ஆனால் மணிக்கணக்கில் நம் கையையும் காலையும் முதுகையும் ஒரே நிலையில் பிடித்து வைக்கும் மிதிவண்டியை மட்டும், கடையில் எது நிற்கிறதோ அதையே வாங்கி வருகிறோம். பிறகு கழுத்து வலித்தால், கை விரல்கள் மரத்துப் போனால், "எனக்குச் சைக்கிள் ஒத்து வராது" என்று நம் உடம்பின் மேலேயே பழியைப் போடுகிறோம். இது சரியா, தோழியரே?

சரியன்று என்பதே என் கருத்து. உடம்பு பிறந்தபடி இருக்கிறது. அளவு தவறியது வண்டி. நெடுந்தூரம் ஓட்டுவதற்கென்று வளைந்த கைப்பிடியும் மெல்லிய டயரும் கொண்ட சாலை மிதிவண்டி ஒன்றை வாங்க எண்ணும் பெண், அதுவும் உயரம் குறைந்த பெண், தன் அளவுக்கு எஃகில் செய்வித்துக் கொள்வதைப் பற்றி ஒருமுறையாவது எண்ணிப் பார்க்க வேண்டும். இங்கிலாந்திலும் இத்தாலியிலும் அமெரிக்காவிலும் ஜப்பானிலும், ஓட்டுபவரை அளந்து பிரேம் கட்டித்தரும் கைவினைஞர்கள் இன்றும் தொழில் செய்கிறார்கள். இதைப் பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்று சிலர் ஒதுக்கிவிடுவது எனக்கு உடன்பாடில்லை.

முதலில் ஒரு பெண்மணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அய்லீன் ஷெரிடன் என்ற ஆங்கிலேய வீராங்கனையின் உயரம் 4 அடி 11 அங்குலம்தான். நம் வகுப்புகளில் முதல் வரிசையில் நிற்க வைக்கப்படும் உயரம்! அவர் 1954-ஆம் ஆண்டில் பிரிட்டனின் தென்மேற்கு முனையான லேண்ட்ஸ் எண்டிலிருந்து வட முனையான ஜான் ஓ குரோட்ஸ் வரை, ஏறத்தாழ 1,400 கிலோமீட்டரை, 2 நாள் 11 மணி 7 நிமிடத்தில் ஓட்டி முடித்தார். அதோடு நின்றாரா? சிறிது ஓய்வுக்குப் பின் மீண்டும் வண்டியேறி, 1,000 மைல் தூரத்தையும் 3 நாள் 1 மணி நேரத்தில் நிறைவு செய்தார். எட்டாத ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு இரண்டு இரவுகள் ஓட்டியிருக்க முடியுமா என்று எண்ணிப் பாருங்கள். அவர் ஓட்டியது ஹெர்குலிஸ் நிறுவனத்துக்காக. அந்த ஹெர்குலிஸைத் தன்வசம் வைத்திருந்த ட்யூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் என்ற ஆங்கிலக் குழுமத்தின் கூட்டுறவோடுதான் 1949-இல் நம் அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கப்பட்டது. ஆகவே அப்பெயர் நமக்கும் அந்நியமன்று.

இப்போது சங்கடம் எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். சாலை மிதிவண்டியின் சக்கரம் 700சி எனப்படும் அளவினது. டயர் உட்காரும் ரிம்மின் விட்டம் 622 மி.மீ. 28 மி.மீ. டயர் போட்டால் சக்கரத்தின் முழு உயரம் சுமார் 68 செ.மீ. ஆறடி மனிதருக்கும் இதே சக்கரம், ஐந்தடிப் பெண்ணுக்கும் இதே சக்கரம். சக்கரம் சிறுக்காதபோது பிரேமை மட்டும் எப்படிச் சிறுக்க வைப்பது? மேல் பாரைக் குட்டையாக்கினால், வண்டி திரும்பும்போது முன்சக்கரம் கால்விரலில் இடிக்கும். இடிக்காமல் இருக்க ஹேண்டில் குழாயின் சாய்வை மாற்றுவார்கள். வண்டி மந்தமாகத் திரும்பும். சீட் குழாயை நிமிர்த்தி வைப்பார்கள். மேல் பாரின் அளவு காகிதத்தில் குறைந்து காட்டும், ஆனால் சீட்டைப் பின்னுக்குத் தள்ளி உட்கார்ந்ததும் கைக்கு எட்டும் தூரம் பழையபடியே இருக்கும். சிறிய அளவு என்று எழுதி விற்கப்படும் வண்டிகள் பலவற்றில் நடப்பது இதுதான்.

இதற்கு விடை கண்டவர்களில் அமெரிக்கப் பொறியாளரான ஜார்ஜினா டெர்ரி குறிப்பிடத்தக்கவர். அவர் 1985-இல் பெண்களுக்கென ஒரு மிதிவண்டி நிறுவனம் தொடங்கி, பின்சக்கரத்தை வழக்கம்போல் வைத்து, முன்சக்கரத்தை மட்டும் 24 அங்குலமாகக் குறைத்தார். பார்ப்பதற்கு விநோதமாக இருந்தது. ஆனால் கால் இடிக்கவில்லை, கை எட்டியது. இன்று அளவெடுத்துச் செய்பவர்கள் இரு சக்கரங்களையும் 650 என்ற வகைக்குக் குறைத்துவிடுவதும் உண்டு. அதில் இரு உட்பிரிவுகள்: 650பி-க்கு ரிம் அளவு 584 மி.மீ., 650சி-க்கு 571 மி.மீ. என் வாக்கு முன்னதற்கே. அதற்கு அகலமான நல்ல டயர்கள் தாராளமாகக் கிடைக்கின்றன. பின்னதற்குத் தேடி அலைய வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. "லேடீஸ் மாடல்" என்ற பெயரைக் கண்டு மயங்கிவிடக் கூடாது. பெண்களுக்குக் கால் நீளம், உடல் குட்டை என்று ஒரு காலத்தில் பொதுவாகச் சொல்லி வந்தார்கள். அண்மைக் காலத்தில் பெரிய நிறுவனங்கள் சில அந்தத் தனி வடிவத்தைக் கைவிட்டுவிட்டன. ஒரே உயரமுள்ள இரு பெண்களுக்கிடையே உள்ள வேறுபாடே மிகுதி என்பது அளந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆகையால் பெண் என்பதற்காக ஒரு வண்டி வேண்டாம், 71 செ.மீ. கால் நீளமும் 36 செ.மீ. தோளும் கொண்ட இந்தப் பெண்ணுக்கு ஒரு வண்டி வேண்டும்.

எஃகு ஏன்? இன்றைய பெரும் பந்தயங்களில் கார்பன் இழை வண்டிகளே கோலோச்சுகின்றன. அவை அச்சில் வார்க்கப்படுபவை. ஒவ்வோர் அளவுக்கும் ஓர் அச்சு வேண்டும், ஒருத்திக்காக ஓர் அச்சு செய்வது பெருஞ்செலவு. எஃகுக் குழாயையோ ஒரு கைவினைஞர் அரத்தால் அராவி, வேண்டிய கோணத்தில் பொருத்தி, பித்தளையோ வெள்ளிக் கலவையோ உருக்கிவிட்டு இணைத்துவிடலாம். நடுவில் மெல்லியதாகவும், சூடு படும் இரு முனைகளில் தடித்ததாகவும் குழாய் செய்யும் முறைக்கு 1897-லேயே பர்மிங்காமில் ரெனால்ட்ஸ் என்பவர் காப்புரிமை பெற்றார். அவர் பெயரால் அமைந்த நிறுவனம் 1935-இல் வெளியிட்ட "531" என்ற மாங்கனீஸ்-மாலிப்டினம் எஃகுக் குழாய் பல்லாண்டுகள் பந்தய வண்டிகளின் முதுகெலும்பாக விளங்கியது. இத்தாலியில் கொலம்பஸ் குழாய்க்கு அதே பெருமை.

குழாயின் பெயரில் பித்துப் பிடித்தவர்கள் உண்டு. விலை உயர்ந்த எஃகு அதிக விறைப்பானது என்று அவர்கள் சாதிப்பார்கள். உண்மை வேறு. எல்லா எஃகுக்கும் விறைப்புத் தன்மை ஏறக்குறைய ஒன்றே. விலை உயர்ந்ததற்கு வலிமை அதிகம். அதனால் சுவரை மெல்லியதாக்க முடிகிறது, எடை குறைகிறது, அவ்வளவே. விறைப்பை நிர்ணயிப்பதில் பெரும்பங்கு குழாயின் விட்டத்துக்கு உண்டு. சுவர் தடிப்பு மாறாமல் 28.6 மி.மீ. குழாயை 31.8 மி.மீ. ஆக்கினால் விறைப்பு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடிவிடும். 80 கிலோ மனிதருக்கு அது நல்லது. 48 கிலோ பெண்ணுக்கு அந்த வண்டி கரடுமுரடான சாலையில் கட்டை வண்டியாகத் தோன்றும். ஆகவே குழாயின் பெயரைக் கேட்பதைவிட, என் எடைக்கு எந்த விட்டம், எந்தத் தடிப்பு என்று கேட்பதே அறிவுடைமை.

எடையைப் பற்றியும் ஒரு வார்த்தை. எஃகு பிரேம் ஒன்று 2 கிலோவை ஒட்டி வரும்; நல்ல கார்பன் பிரேம் 1 கிலோவுக்குள் அடங்கிவிடும். 50 கிலோ பெண் 9 கிலோ வண்டியில் மலை ஏறுகிறாள் என்று கொள்வோம். 1 கிலோவைக் குறைத்தால் மொத்தத்தில் நூற்றுக்கு இரண்டு பங்குகூட மிச்சமில்லை. ஒரு மணி நேரச் செங்குத்து ஏற்றத்தில் ஏறத்தாழ ஒரு நிமிடம் மிச்சம். பந்தயக்காரருக்கு அது பெரிது. மற்றவர்களுக்குத் தோள்வலி இல்லாமல் உச்சிக்குப் போய்ச் சேர்வதுதான் பெரிது!

அளவு எடுப்பதில் தொடங்குங்கள். வெறுங்காலுடன் சுவரோடு ஒட்டி நின்று, தொடைகள் சேருமிடத்திலிருந்து தரை வரை அளக்க வேண்டும். அதை 0.883-ஆல் பெருக்கினால் கிராங்க் அச்சிலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை உள்ள உயரம் கிடைக்கும், 70 செ.மீ. காலுக்கு ஏறக்குறைய 62 செ.மீ. இது தொடக்கக் கணக்குத்தான். மிதித்துப் பார்த்துக் கூட்டிக் குறைக்க வேண்டும். ஹேண்டில் அகலம் தோள் எலும்புகளின் அகலத்தை ஒட்டி இருத்தல் நலம். கடை வண்டிகளில் 40, 42 செ.மீ. சாதாரணம்; நம்மில் பலருக்கு 36 போதும். கிராங்க் 170 மி.மீ. என்று வருவதை 160 ஆக்கினால், மிதி கீழே போகும் அளவுக்கு ஈடாகச் சீட்டை 1 செ.மீ. உயர்த்தலாம், மிதி மேலே வரும்போது முழங்கால் 2 செ.மீ. குறைவாக மடங்கும். முழங்கால் வலிக்குத் தைலம் தேய்ப்பதைவிட இது மேல். பிரேக் லீவர் சிறிய விரல்களுக்கு எட்டுமாறு உள்ளே தள்ளிவைக்கும் வசதி உள்ளதா என்பதையும் கேட்டுவிடுங்கள். இறக்கத்தில் எட்டாத பிரேக் இருந்தென்ன, இல்லாமலென்ன?

சீட்டை எவரும் உங்களுக்காகத் தேர்ந்தெடுக்க முடியாது. இடுப்பெலும்பின் அகலத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். மெத்தென்று இருப்பதெல்லாம் சுகமன்று. கடன் வாங்கியாவது இரண்டு மூன்றில் ஓட்டிப் பார்த்த பிறகே முடிவு செய்ய வேண்டும்.

உதிரிப் பாகங்களுள் எவை பிரேமைக் கட்டுப்படுத்துகின்றனவோ அவற்றை முன்னரே முடிவு செய்தாக வேண்டும். ரிம் பிரேக்கா, டிஸ்க் பிரேக்கா? டிஸ்க் என்றால் அதற்குரிய தாங்கிகளைப் பிரேமிலும் ஃபோர்க்கிலும் முதலிலேயே பற்றவைக்க வேண்டும். பின் அச்சின் இடைவெளியும் ரிம் பிரேக் வண்டியின் 130 மி.மீ. அன்று, 142 மி.மீ. ஆகும். டயர் எவ்வளவு அகலம்? மட்கார்டு மாட்டுவீர்களா? மட்கார்டுக்கான சிறு துளைக் காதுகளை வைப்பதற்கு ஆகும் செலவு அற்பம்; வர்ணம் பூசிய பிறகு வைப்பதோ தலைவலி. கிராங்க் அச்சு உட்காரும் இடத்தில் மரை போட்ட ஆங்கில முறையே போதும், அழுத்திச் செருகும் புதிய முறை வேண்டாம் என்பேன். கிறீச்சென்ற சத்தத்தைத் தேடிக் களைத்தவர்கள் இதை ஒப்புக்கொள்வார்கள்.

மற்றவற்றில் எனக்கு அவ்வளவு பிடிவாதம் இல்லை. இத்தாலியின் கம்பக்னோலோ, ஜப்பானின் ஷிமானோ, அமெரிக்காவின் ஸ்ராம் ஆகிய மூன்றும் நன்றாகவே உழைக்கின்றன. உச்சவிலைத் தொகுதிக்கும் நடுத்தர விலைத் தொகுதிக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் சில நூறு கிராம் எடையும் மெருகும்தான். அந்தப் பணத்தைப் பிரேமுக்கும், கையால் கட்டிய 32 கம்பிச் சக்கரங்களுக்கும் கொடுக்கலாம். கியரில் மட்டும் கவனம் தேவை. 50 பல் முன்சக்கரமும் 11 பல் பின்சக்கரமும் சேர்ந்தால் ஒரு மிதிக்கு வண்டி சுமார் 9.7 மீட்டர் ஓடும். நிமிடத்துக்கு 90 மிதி என்றால் மணிக்கு 52 கி.மீ. வேகம்! இதை நம்மில் யார் எந்நாளில் மிதிக்கப் போகிறோம்? 46-ம் 30-ம் கொண்ட முன்சக்கரங்களைப் போட்டு, பின்னால் 34 பல் வைத்தால், ஏற்றத்தில் ஒரு மிதிக்கு 1.9 மீட்டர் என்ற இதமான கியர் கிடைக்கிறது. பந்தய வீரரின் கியரை வாங்கி வைத்துக்கொண்டு ஏற்றத்தில் இறங்கித் தள்ளுவது யாருக்குப் பெருமை?

எல்லாருக்கும் இது தேவையா என்று கேட்டால், இல்லை என்றே சொல்வேன். நடுத்தர உயரமும் சராசரி உடல்வாகும் உள்ளவர், கடை வண்டியில் ஸ்டெம்மையும் சீட்டையும் மாற்றியே சுகம் காணலாம். அளவெடுத்துச் செய்வது மலிவன்று. மாதக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டும். ஆனால் எஃகு பிரேமில் ஒரு குழாய் நசுங்கினால் அதை மட்டும் வெட்டியெடுத்து வேறொன்று பொருத்தலாம். உள்ளே துரு ஏறாமல் எண்ணெய் பூசி வைத்தால் நாற்பது, ஐம்பது ஆண்டுகள் ஓடிய வண்டிகள் ஏராளம். ஒட்டாத வண்டியை வாங்கி, ஓட்டாமல் மாடிப்படிக்கு அடியில் போட்டு வைப்பதன் விலையையும் கணக்கில் சேர்க்க வேண்டாமா?

கட்டுநர் வேலையைத் தொடங்குமுன் முழு அளவு வரைபடம் ஒன்று தருவார். அதில் கால்விரலுக்கும் முன்சக்கரத்துக்கும் இடையே எத்தனை மில்லிமீட்டர் என்று கேளுங்கள். சொல்லத் தயங்குபவரிடம் முன்பணம் கொடுக்க வேண்டாம். நிறத்தைப் பற்றிய பேச்சு கடைசியில்தான் வரும். வரைபடத்தின் ஒரு பிரதியை மட்டும் மறவாமல் வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்; இருபது ஆண்டுகளுக்குப் பின் ஒரு குழாய் மாற்ற நேர்ந்தால், அப்போது யார் கட்டுகிறாரோ அவருக்கு அது வேண்டியிருக்கும்.