ஈசனோபீலியா ஒரு நோயே இல்லைங்க (த்ரெட்)

"எனக்குப் பத்து வருஷமா ஈசனோபீலியா இருக்கு டாக்டர்." புதுக்கோட்டை மாவட்டத்துல எந்த அரசு மருத்துவமனை ஓபியில உட்கார்ந்தாலும் இது காதுல விழும். சொல்றவங்க மேல எனக்குக் கோபம் இல்லை. இதைச் சொல்லி அனுப்பினவங்க மேலதான்.

ஊர்ல கூட்டம் கூடியிருக்குன்னா கல்யாணமா, கருமாதியா, அடிதடியான்னு கேட்போம்ல? ஈசனோபீலியாங்கிறது 'கூட்டம் கூடியிருக்கு' அவ்வளவுதான். ஏன் கூடுச்சுன்னு யாரும் உங்களுக்குச் சொல்லலை.

ரத்த அணுக்கள் எல்லாம் எலும்பு மஜ்ஜையில பிறக்குது. ஒரே மூல செல்தான் சிவப்பணு, தட்டணு, வெள்ளையணுன்னு பிரியுது. வெள்ளையணுல அஞ்சு வகை. பாதிக்கு மேல நியூட்ரோபில், பாக்டீரியாவோட முதல்ல மோதுறது அதுதான். லிம்போசைட் வந்த கிருமியை ஞாபகம் வச்சுக்கும். மோனோசைட் குப்பை அள்ளும். பேசோஃபில் நூத்துக்கு ஒண்ணுகூட தேறாது. புழுவுக்கும் அலர்ஜிக்கும் கூடுறது ஈசனோபில். ஈயோசின்ங்கிற சிவப்புச் சாயத்தைப் பிடிச்சுக்கும், அதனால இந்தப் பேர். வச்சவர் பால் எர்லிக், 1879ல.

இப்போ உங்க ரிப்போர்ட்டை எடுங்க. ஈசனோபில் 7%, தடித்த எழுத்துல. மொத்த வெள்ளையணு 6000னா அதுல 7% எவ்வளவு? 420. மைக்ரோலிட்டருக்கு 500 வரை சாதாரணம். ஒண்ணுமே இல்லாததுக்குத்தான் ராத்திரி தூக்கத்தைத் தொலைச்சீங்க.

நிஜமாவே கூடியிருந்தா? மூக்கு அலர்ஜி, ஆஸ்துமா, குடல் புழு, ஏதோ ஒரு மாத்திரையோட ஒவ்வாமை. அபூர்வமா ரத்தப் புற்றுநோய்கூட இருக்கலாம். ஒவ்வொண்ணுக்கும் வைத்தியம் வேற.

இந்தப் பேர் நம்ம ஊர்ல இப்படி ஒட்டிக்கிட்டதுக்கு ஒரு கதை இருக்கு. மதனப்பள்ளி பக்கம் ஆரோக்கியவரம் காசநோய் சானடோரியத்து டாக்டர் ஃப்ரிமோட் மோலரும் பார்ட்டனும் 1940ல, காசநோய் மாதிரியே தெரியுற, ஆனா ஈசனோபில் ஏறியிருக்கிற ஒரு நிலையைப் பத்தி எழுதினாங்க. 1943ல வெய்ன்கார்ட்டன் அதுக்கு 'டிராபிகல் ஈசனோபீலியா'ன்னு பேர் வச்சார். (அப்போ அதுக்கு ஆர்சனிக் கலந்த ஊசி!) யானைக்கால் புழுவோட குட்டிகளுக்கு எதிரா நுரையீரல் காட்டுற அலர்ஜின்னு பின்னாடிதான் புரிஞ்சுது. அதுல எண்ணிக்கை 3000ஐத் தாண்டும், இருமல் ராத்திரியில கொல்லும். டிஇசி மாத்திரை மூணு வாரம் கொடுப்போம். அந்தப் பேரைத்தான் இன்னைக்குத் தும்முறவங்க எல்லார் தலையிலயும் கட்டுறாங்க.

மருந்துக்கடையில சீட்டு இல்லாம ஒரு குட்டி மாத்திரை தருவாங்களே, பல நேரம் அது ஸ்டீராய்டு. சாப்பிட்டா ஈசனோபில் ஒரே நாள்ல இறங்கிடும். ரிப்போர்ட் நல்லா இருக்கும், நோய் உள்ளேயே இருக்கும். ஆதனக்கோட்டை முந்திரிக்காட்டுலயோ ஆலங்குடி தோட்டத்துலயோ வெறுங்காலோட வேலை செய்றவங்க இதைக் கவனிங்க: ஸ்ட்ராஞ்சிலாய்டஸ்னு ஒரு புழு மண்ணுல இருந்து பாதம் வழியா ஏறும். வருஷக்கணக்கா சத்தமில்லாம குடல்ல கிடக்கும். ஸ்டீராய்டு கொடுத்தா பெருகி உடம்பு முழுக்கப் பரவும். உயிரையே எடுக்கும்.

வீசிங் இருந்தா அதுக்குப் பேர் ஆஸ்துமாவா இருக்கலாம். "இன்ஹேலர் பழகிடும்"னு பயந்து 'ஈசனோபீலியா' மாத்திரைக்கு ஓடாதீங்க. இன்ஹேலர்ல மருந்து மைக்ரோகிராம் கணக்குல நேரா நுரையீரலுக்குப் போகுது, மாத்திரை உடம்பு முழுக்கச் சுத்துது. இருமல் ரெண்டு வாரத்தைத் தாண்டுச்சா, பக்கத்து அரசு மருத்துவமனையில சளியைக் கொடுங்க. காசநோய் டெஸ்ட் இலவசம்.

லேப் வச்சிருக்கிற தம்பிகளே, சதவீதத்துக்குப் பக்கத்துல மொத்த எண்ணிக்கையையும் அடிச்சுக் கொடுங்கப்பா. செலவு ஒண்ணும் இல்லை, ஒரு பெருக்கல் கணக்குதான்.